மலைப்படம் கைமாறும்போது

தேயிலைச் சரிவுக்குப் பின்னால் நான்கு அடுக்காக மலைகள். முதல் அடுக்கு கரும்பச்சை, கடைசி அடுக்கு வானத்தோடு கலந்த நீலம். எடுத்தவரின் கணினித் திரையில் நான்கும் தனித்தனியாகத் தெரிகின்றன. வாட்ஸ்அப் குழுவில் போட்டதும் கடைசி இரண்டு அடுக்கும் ஒன்றாகிவிடுகின்றன. வானத்தில் பட்டை பட்டையாகக் கோடுகள் விழுகின்றன. தேயிலைப் புதர்கள் பச்சைக் களிம்பாகிவிடுகின்றன. அதற்குக் கீழே பத்துப் பேர் கட்டைவிரல் உயர்த்துகிறார்கள். எடுத்தவர் கண்ட படத்தை அந்தப் பத்துப் பேரும் பார்க்கவே இல்லை.

நிலக்காட்சிப் படத்துக்கே இந்தக் கேடு அதிகம். முகத்தை எடுத்த படம் எவ்வளவு சுருங்கினாலும் கண்ணும் சிரிப்பும் தப்பிவிடும். மலையும் மூடுபனியும் ஏரியும் உள்ள படத்தின் உயிர், மெல்லிய நிற வேறுபாடுகளிலும் இலை, புல், பாறை ஆகியவற்றின் நுணுக்கத்திலும் இருக்கிறது. சுருக்கும்போது முதலில் கழிவது அவைதான். பொழுதுபோக்காகப் படமெடுக்கும் நண்பர்கள் தங்களுக்குள் படம் பரிமாறும்போது சில ஒழுங்குகளைப் பழக்கமாக்கிக்கொண்டால் இதைப் பெருமளவு தவிர்க்கலாம். செலவு எதுவும் இல்லை, படத்துக்கு ஐந்து நிமிடம் கூடுதலாகும்.

எங்கே கெடுகிறது

24 மெகாபிக்சல் கேமரா தருவது 6000 × 4000 பிக்சல். வாட்ஸ்அப்பில் சாதாரணத் தரத்தில் அனுப்பினால் நீளப் பக்கம் சுமார் 1600 பிக்சலாகக் குறைகிறது. கணக்குப் போட்டால் பதினான்கு பிக்சலுக்கு ஒன்றுதான் மிச்சம். அளவு குறைவதோடு நின்றால் பரவாயில்லை, கைபேசித் திரைக்கு 1600 போதும். ஆனால் மிச்சமானதன் மேல் ஜேபெக் (JPEG) கோப்பு வடிவின் சுருக்கமும் கடுமையாக விழுகிறது. ஜேபெக் படத்தை 8 × 8 பிக்சல் கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்திலும் உள்ள நுண்ணிய மாற்றங்களைக் கழிக்கிறது. ஒளியைவிட நிறத்தில் இன்னும் அதிகமாகக் கழிக்கிறது. தேயிலைத் தோட்டத்தில் ஒரு புதரை அடுத்த புதரிலிருந்து பிரித்துக் காட்டுவது பச்சையின் சாயல் மட்டுமே. அது போனால் களிம்புதான் மிஞ்சும்.

வானத்துப் பட்டைகளுக்குக் காரணம் வேறு. ஜேபெக்கில் ஒரு நிறத்துக்கு 256 படிகள்தான். விடியற்கால வானம் அடிவானத்திலிருந்து மேலே போகப் போக மிகக் கொஞ்சமாகவே மாறும். 1000 பிக்சல் உயரத்தில் 30 படிகள் மட்டும் மாறுகிறது என்றால், ஒவ்வொரு படியும் 33 பிக்சல் அகலப் பட்டையாக நிற்கும். கண் அதைக் கோடாகப் பிடித்துக்கொள்ளும். வானத்தில் நாய்ஸை (மணல்போல் தெரியும் புள்ளிகளை) சுத்தமாகத் துடைத்துவிட்டால் பட்டை இன்னும் தெளிவாகத் தெரியும், ஏனென்றால் படிகளுக்கு இடையே கலந்து மறைத்துக்கொண்டிருந்தது அந்தப் புள்ளிகள்தான். எனவே வானத்தில் நாய்ஸ் நீக்கத்தை மிதமாக வைத்து, கடைசியில் மிகச் சிறிய அளவு கிரெய்ன் (செயற்கைப் புள்ளிகள்) சேர்ப்பது நல்லது. திருத்தம் முழுவதையும், 256க்குப் பதில் ஆயிரக்கணக்கான படிகள் தரும் 16 பிட்டில் முடித்துவிட்டு, கடைசிப் படியில் மட்டும் ஜேபெக் ஆக்க வேண்டும். ஜேபெக்கைத் திறந்து அதன்மேல் டிஹேஸ் (மூடுபனியைக் குறைக்கும் திருத்தம்) இழுத்தால் பட்டை நிச்சயம்.

டிஹேஸ் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். மேற்குத் தொடர்ச்சி மலையில் தூர அடுக்குகள் நீலமாக வெளிறிப் போவதால்தான் ஆழம் தெரிகிறது. டிஹேஸை முழுப் படத்துக்கும் இழுத்தால் தூரமலை முன்மலையோடு வந்து ஒட்டிக்கொள்ளும். முன்னால் உள்ள சரிவுக்கு மட்டும் மாஸ்க் போட்டுக் கொஞ்சம் கொடுங்கள், தூர அடுக்கைத் தொடாதீர்கள்.

அனுப்பும் வழி

வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பாமல் டாக்குமெண்டாக அனுப்பினால் கோப்பு ஒரு பைட்டும் மாறாமல் போய்ச் சேரும். ஆண்ட்ராய்டில் இணைப்புக் குறியைத் தொட்டு டாக்குமெண்ட்டைத் தேர்ந்தெடுக்க வேண்டும். ஐபோனில் படத்தை முதலில் ஃபைல்ஸ் செயலியில் சேமித்துவிட்டு அங்கிருந்து எடுப்பது சிக்கலில்லாத வழி. 2023 ஆகஸ்டில் வந்த எச்.டி. தேர்வு சாதாரணத் தரத்தைவிட நல்லது. ஆனால் அதுவும் சுருக்கத்தான் செய்கிறது. டெலிகிராமிலும் படமாக அனுப்புவது வேறு, ஃபைலாக அனுப்புவது வேறு. இரண்டாவதைத்தான் பயன்படுத்த வேண்டும்.

டாக்குமெண்டாக அனுப்பும்போது ஒரு எச்சரிக்கை. படமாக அனுப்பினால் எக்ஸிஃப் தகவல்கள் (எடுத்த நேரம், கேமரா அமைப்பு போல கோப்பில் பதிந்திருப்பவை) கழன்றுவிடும். டாக்குமெண்டில் எல்லாம் கூடவே போகும், கைபேசி பதிந்த ஜி.பி.எஸ். இடக்குறி உட்பட. வீட்டு மொட்டைமாடியிலிருந்து எடுத்த மேகப் படத்தை அப்படி அனுப்பினால் வீட்டு முகவரியையே அனுப்புவதாகிவிடும். லைட்ரூம் என்ற படத்திருத்த மென்பொருளில் எக்ஸ்போர்ட் செய்யும்போது இடத் தகவலை நீக்கும் தேர்வு இருக்கிறது. கைபேசிகளிலும் பகிரும் திரையில் இடத்தை விலக்கும் வசதி உண்டு.

இருபது படங்களுக்கு மேல் என்றால் கூகுள் டிரைவ் இணைப்பே வசதி. அங்கே வழக்கமாக நடக்கும் தவறு, அனுமதியைத் திறக்காமல் இணைப்பை மட்டும் அனுப்புவது. 'இணைப்பு உள்ள எவரும் பார்க்கலாம்' என்று மாற்றிவிட்டு, கணக்கில் நுழையாத உலாவியில் ஒருமுறை திறந்து பார்த்துவிட்டு அனுப்ப வேண்டும். கூகுள் ஃபோட்டோஸில் சேமிப்புத் தரத்தை 'ஒரிஜினல்' என்று வைத்திருக்கிறீர்களா என்றும் பாருங்கள். இடத்தை மிச்சப்படுத்தும் மற்றத் தேர்வு 16 மெகாபிக்சலுக்கு மேற்பட்டதைச் சுருக்கிவிடும்.

சுருக்கும் வழியில் அனுப்பியே ஆக வேண்டும் என்றால், செயலி சுருக்குவதற்கு முன் நாமே சுருக்கிக் கொடுப்பது நல்லது. வாட்ஸ்அப்புக்கு நீளப் பக்கம் 1600, இன்ஸ்டாகிராமுக்கு அகலம் 1080. இன்ஸ்டாவில் நெட்டுப் படத்துக்கு 1080 × 1350 பொருத்தமான அளவு. நண்பர்கள் கணினியில் பார்ப்பதற்கு நீளப் பக்கம் 2048, ஜேபெக் தரம் நூற்றுக்கு 80 முதல் 85. பெரும்பாலும் 1 எம்.பி.க்குச் சற்று முன்பின்னாக இருக்கும். புல்லும் இலையும் நிறைந்த படம் அதே அளவில் இரண்டு மடங்கு எடை வரலாம், அதைக் கண்டு தரத்தைக் குறைத்துவிடாதீர்கள். ஷார்ப்பனிங் 'திரைக்கு, குறைவாக' என்ற அளவில் போதும். கூடுதலாகக் கூர்மையாக்கினால் மலைமுகடும் வானமும் சந்திக்கும் இடத்தில் வெள்ளைக் கோடு தோன்றும். கிளாரிட்டி (விளிம்புகளை எடுப்பாக்கும் திருத்தம்) ஏற்கெனவே ஒரு கோடு போட்டிருந்தால், சுருக்கிக் கூர்மையாக்கும்போது அது தடித்துவிடும். அனுப்பும் முன் முகட்டுக் கோட்டின் மேல் 100 சதவீதத்தில் பெரிதாக்கி, இடமிருந்து வலம்வரை ஒருமுறை ஓட்டிப் பாருங்கள்.

பனோரமா தனி விவகாரம். 3:1 விகிதப் படத்தை 1080 அகலத்தில் போட்டால் உயரம் 360 பிக்சல்தான், யாருக்கும் எதுவும் தெரியாது. அதை மூன்று சதுரங்களாக வெட்டி வரிசையாகப் போடலாம், அல்லது டாக்குமெண்டாக மட்டும் அனுப்பலாம்.

நிறம் வெளிறுவது ஏன்

கேமராவில் அடோபி ஆர்.ஜி.பி. என்று வைத்துக்கொண்டு அப்படியே அனுப்புபவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அந்த நிறவெளி (கோப்பில் அடங்கும் நிறங்களின் எல்லை) அகலமானது, குறிப்பாகப் பச்சையில். ஆனால் வழியில் எங்காவது எந்த நிறவெளி என்று சொல்லும் நிறவிவரக் குறிப்பு உதிர்ந்துவிட்டால் பார்ப்பவரின் செயலி அதை எஸ்.ஆர்.ஜி.பி. என்ற குறுகலான பொது நிறவெளி என்று எடுத்துக்கொள்ளும்; நெல்வயல் வைக்கோல் நிறமாகிவிடும். திருத்தும்போது எந்த நிறவெளியும் இருக்கட்டும், எக்ஸ்போர்ட் எஸ்.ஆர்.ஜி.பி.யில்தான், நிறவிவரக் குறிப்போடுதான். அச்சுக்கூடத்துக்கும் அவர்கள் வேறு கேட்காதவரை இதுவே.

பார்ப்பவர் பக்கமும் கவனிக்க வேண்டியவை உண்டு. பல கைபேசித் திரைகள் வாங்கும்போதே 'விவிட்' நிலையில் வரும், பச்சையும் ஆரஞ்சும் தூக்கலாகத் தெரியும். கருத்துச் சொல்லும் முன் திரையை 'நேச்சுரல்' நிலைக்கு மாற்றி, இரவு நேர மஞ்சள் வடிகட்டியை அணைத்துவிட வேண்டும். 'படம் கொஞ்சம் மஞ்சளாக இருக்கிறது' என்று வரும் கருத்துகளில் பல அந்த வடிகட்டியின் வேலை. திருத்துபவர் தன் திரையை முழு வெளிச்சத்தில் வைத்திருந்தால் படத்தை அறியாமலே இருட்டாக்கிவிடுவார். கணினித் திரையின் வெளிச்சம் சதுர மீட்டருக்கு 100 முதல் 120 கேண்டெலா இருப்பது பொருத்தம். அளவிடும் கருவி இல்லாவிட்டால், திரைக்குப் பக்கத்தில் ஒரு வெள்ளைத் தாளை வைத்துத் திரையின் வெண்மை அதைவிடப் பளிச்சென்று எரியாதவாறு குறைத்துக்கொள்ளலாம்.

ஐபோன் படங்களில் ஹெய்க் வடிவம் வரும், பழைய விண்டோஸ் கணினிகளில் அது திறக்காது. எச்.டி.ஆர். (பளிச்சிடும் பகுதிகளைக் கூடுதலாக ஒளிரவைக்கும்) படமாக இருந்தால் எடுத்தவரின் திரையில் சூரிய விளிம்பு ஒளிரும், மற்றவர்களுக்குச் சப்பென்று தெரியும். இரண்டுக்கும் ஒரே மருந்து, ஜேபெக்காக மாற்றி வேறொரு திரையில் பார்த்துவிட்டு அனுப்புவது.

கூட எழுத வேண்டியது

லென்ஸ், லென்ஸ் துளையின் அளவு, ஷட்டர் வேகம், ஐ.எஸ்.ஓ. (ஒளியுணர்திறன்) ஆகியவை கோப்பிலேயே இருக்கும். நண்பர்களுக்கு உண்மையில் உதவுவது கோப்பில் இல்லாதவை: எந்தத் திசையைப் பார்த்து எடுத்தது, சூரியன் எங்கே இருந்தது, முந்தின நாள் மழை பெய்ததா, டிரைபாட் உண்டா, போலரைசர் (பிரதிபலிப்பைக் குறைப்பது) அல்லது என்.டி. ஃபில்டர் (ஒளியைக் குறைப்பது) போட்டதா, எத்தனை படங்களை இணைத்தது. ‘வடகிழக்குப் பருவமழைக்கு நடுவே, நவம்பர், விடியலுக்குப் பத்து நிமிடம் முன், கிழக்கு நோக்கி, 70 மி.மீ., டிரைபாட், ஃபில்டர் இல்லை, ஒரே படம்’ என்ற ஒரு வரி, அடுத்தவர் அதே இடத்தில் நிற்கும்போது கைகொடுக்கும். கன்னியாகுமரியில் சித்திரா பௌர்ணமி அன்று மேற்கே சூரியன் இறங்கும் வேளையில் கிழக்கே நிலா எழுவதைப் படமாக்கியவர், எந்த இடத்தில் நின்றார், இரண்டையும் ஒரே படச்சட்டத்தில் எப்படி அடக்கினார் என்று எழுதாவிட்டால் அந்தப் படத்திலிருந்து மற்றவர்கள் கற்றுக்கொள்ள எதுவும் இல்லை.

வானத்தை மாற்றி ஒட்டியிருந்தால், இரு வேறு நேரத்துப் படங்களைக் கலந்திருந்தால், அதைச் சொல்லிவிட வேண்டும். இதில் விட்டுக்கொடுக்க இடமில்லை என்பது என் உறுதியான கருத்து. கலந்து செய்வது தவறில்லை. சொல்லாமல் விட்டால், அந்த ஒளியைத் தேடி இன்னொருவர் அதிகாலையில் மலையேறுவார்.

இடத்தை எவ்வளவு சொல்வது

தனுஷ்கோடி அரிச்சல்முனை, பிச்சாவரம், கொழுக்குமலை விடியல் முனை போன்றவை எல்லோரும் அறிந்தவை, மறைப்பதில் பொருள் இல்லை. ஆனால் பெயரில்லாத ஓடை, ஒற்றையடிப்பாதை முடிவில் உள்ள அருவி, சோலைக்காட்டு விளிம்பில் உள்ள புல்வெளி ஆகியவற்றின் துல்லியமான இடக்குறியைப் பொதுவில் போடும்போது நிதானம் வேண்டும். புல்வெளியில் நூறு பேர் நடந்தால் பாதை விழுந்துவிடும். மழையில் அந்தப் பாதை வாய்க்காலாகும். மூணாறு, கொடைக்கானல் பக்கம் 2006இலும் 2018இலும் பூத்த நீலக்குறிஞ்சி மறுபடி 2030இல் பூக்க வேண்டும். குறிஞ்சிச் செடி ஒருமுறை பூத்து விதையுதிர்த்து மடிவது. பூவைப் பறிப்பதும் மிதிப்பதும் அடுத்த தலைமுறைச் செடியை நேராகத் தொடும். அந்தச் சரிவுகளின் இடக்குறியை இப்போதே பரப்பாமல் இருப்பது நல்லது.

எவ்வளவு துல்லியம் என்பதை எண்களிலேயே கட்டுப்படுத்தலாம். அட்சரேகை ஒரு பாகை சுமார் 111 கிலோமீட்டர். தசமப் புள்ளிக்குப் பின் ஐந்து இலக்கம் எழுதினால் நின்ற பாறையையே காட்டிவிடும். இரண்டு இலக்கம் என்றால் சுமார் 1.1 கிலோமீட்டர், ஒரே இலக்கம் என்றால் 11 கிலோமீட்டர். நெருங்கிய குழுவுக்கு இரண்டு இலக்கம், பொதுவில் ஒரு இலக்கம் அல்லது வெறும் மலைத்தொடரின் பெயர். தெரிந்துகொள்ள ஆர்வமுள்ளவர் தனியே கேட்கட்டும். அவர் எப்படிப்பட்டவர் என்று தெரிந்து சொல்லலாம்.

பாதுகாப்பும் இதில் அடங்கியிருக்கிறது. 2018 மார்ச்சில் குரங்கணி காட்டுத்தீயில் மலையேறச் சென்றவர்கள் பலர் உயிரிழந்தார்கள். அதன்பின் தமிழ்நாட்டில் காட்டுப் பாதைகளில் செல்வதற்கு விதிமுறைகள் வந்தன. 2024 அக்டோபரில் 40 பாதைகளோடு தொடங்கிய 'டிரெக் தமிழ்நாடு' திட்டத்தில் முன்பதிவு செய்துகொண்டு வழிகாட்டியோடு செல்லலாம். காப்புக்காட்டுக்குள் எடுத்த படம் என்றால், எந்த அனுமதியில் சென்றது என்பதை இடத்தின் பெயரோடு சேர்த்தே எழுதுங்கள். அதைப் பார்த்துக் கிளம்புபவர் முதலில் அனுமதியைத் தேடுவார்.

கருத்துச் சொல்வது

ஒரு நேரத்தில் ஐந்து படங்களுக்கு மேல் போடாதீர்கள். நாற்பது படத்தைக் கொட்டினால் யாரும் ஒன்றையும் நின்று பார்க்க மாட்டார்கள். தேர்ந்தெடுப்பதும் எடுத்தவரின் வேலைதான். படத்தோடு ஒரு கேள்வி வையுங்கள்: ‘இடது ஓரத்துக் கிளை இருக்கலாமா, வெட்டலாமா?’, ‘நிழல் போதுமா?’ கேள்வி இருந்தால்தான் பதில் வரும்.

பதில் சொல்பவர் முதலில் கண் எங்கே போனது என்று சொன்னால் அதுவே பாதி விமர்சனம். முன்னிலைப் பாறைக்காக எடுத்த படத்தில் எல்லோருடைய கண்ணும் மூலையில் உள்ள வெள்ளை மேகத்துக்குப் போகிறது என்றால் எடுத்தவருக்கு வேலை புரிந்துவிடும். அடுத்து ஓரங்கள்: பாதி வெட்டுப்பட்ட புதர், எட்டிப் பார்க்கும் மின்கம்பி. அப்புறம் அடிவானம். 6000 பிக்சல் அகலப் படத்தில் கடல்கோடு ஒரே ஒரு பாகை சாய்ந்தாலும் இரு ஓரங்களுக்கும் இடையே 105 பிக்சல் வேறுபாடு வரும், 1600இல்கூட 28 பிக்சல். தனுஷ்கோடிப் படங்களில் இது அடிக்கடி தப்பிவிடுகிறது, கரை வளைந்து செல்வதால் கரையைப் பார்த்து நேராக்கப் பார்க்கிறார்கள். கடல்கோட்டை மட்டுமே நம்ப வேண்டும்.

படச்சட்டத்தை மாற்றச் சொல்பவர் ஸ்கிரீன்ஷாட் எடுத்துக் கோடு போட்டுக் காட்டினால் பத்து வரி மிச்சம். ஆனால் அடுத்தவர் படத்தைத் திருத்திப் போடுவதற்கு முன் அவரிடம் கேட்க வேண்டும். புதியவர் படத்துக்கு 'நல்ல லென்ஸ் வாங்குங்க தம்பி' என்று பதில் எழுதுவதால் அவருக்கு எந்தப் பயனும் இல்லை. அதே லென்ஸில் காலை ஒளியில் எப்படி எடுப்பது என்று சொல்லுங்கள்.

ஒரே ராவை எல்லோரும் திருத்துவது

குழுவுக்கு மிகப் பெரிய பலன் தரும் பயிற்சி இதுதான் என்பேன். ஒருவர் தன் ரா கோப்பு (கேமரா பதிந்ததைத் திருத்தாமல் வைத்திருக்கும் மூலக் கோப்பு) ஒன்றைக் கொடுக்கிறார். 24 மெகாபிக்சல் ரா சுருக்கப்பட்ட வடிவில் 25 முதல் 30 எம்.பி. இருக்கும், டாக்குமெண்டாகவே அனுப்பிவிடலாம். தன் திருத்தத்தை அவர் காட்டக் கூடாது. முதலில் காட்டிவிட்டால் எல்லோரும் அதையே நகலெடுப்பார்கள். ஒரு வாரம் அவகாசம். லைட்ரூம் இல்லாதவர்களுக்கு டார்க்டேபிள், ராதெரபி இரண்டும் இலவசம். கேமரா புதிய மாடல் என்றால் பழைய மென்பொருள் அதன் ராவைத் திறக்காது, டி.என்.ஜி. என்ற பொதுவான ரா வடிவாக மாற்றிக் கொடுத்தால் பெரும்பாலும் சரியாகும். முடிவில் எல்லோரும் 2048 பிக்சலில், எஸ்.ஆர்.ஜி.பி.யில், ஒரே நாளில் போட வேண்டும். ஒரே மூடுபனியை ஒருவர் வெண்மையாகவும் இன்னொருவர் நீலமாகவும் மற்றொருவர் கறுப்புவெள்ளையிலும் வைத்திருப்பதை அடுத்தடுத்துப் பார்க்கும்போது வெண்சமநிலையை (வெள்ளை எந்தச் சாயலில் தெரிய வேண்டும் என்ற அமைப்பை) பற்றி எந்தப் பாடமும் தராத தெளிவு கிடைக்கும். இந்தப் பயிற்சிக்கு ஏற்ற ரா என்றால் வானமும் நிலமும் இரண்டிலும் விவரம் இருக்க வேண்டும். வானம் முழுதாக எரிந்துபோன ராவைக் கொடுத்தால் எல்லோரும் ஒரே இடத்தில் முட்டி நிற்பார்கள்.

உரிமம்

பெரிய வாட்டர்மார்க் படத்தைக் கெடுக்கும், மூலையில் போட்டதை வெட்டிவிடுவார்கள். பெயரைக் கோப்பின் காப்புரிமைப் புலத்தில் எழுதிவிட்டு, பொதுவில் 2048க்கு மேல் கொடுக்காமல் இருப்பது போதும். படத்தை எல்லோரும் பயன்படுத்தலாம் என்று எண்ணினால் விக்கிபீடியாவுக்குப் படம் தரும் களஞ்சியமான விக்கிமீடியா காமன்ஸில் ஏற்றலாம். விக்கிபீடியாவில் இன்னும் பல ஊர்களின் கட்டுரைகள் படமின்றி இருக்கின்றன. ஆனால் அங்குள்ள கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தைக் கொடுத்தபின் திரும்பப் பெற முடியாது. பெயரைக் குறிப்பிட்டு வணிகத்துக்கும் யாரும் பயன்படுத்தலாம். 'வணிகத்துக்கு வேண்டாம்' என்ற நிபந்தனையோடு அங்கே ஏற்ற முடியாது. தெரிந்து கொடுக்க வேண்டும்.

அச்சில் பரிமாறுவது

ஆண்டுக்கு ஒருமுறையாவது குழுவினர் ஆளுக்கொரு படம் அச்சிட்டுக் கைமாற்றிக்கொள்ள வேண்டும் என்பது என் ஆசை. திரைகளின் குளறுபடி எல்லாம் அங்கே முடிந்துவிடும். எல்லோரும் ஒரே பொருளைப் பார்ப்பார்கள். 8 × 12 அங்குலம் நல்ல அளவு, கேமராவின் 3:2 விகிதத்துக்கு அப்படியே பொருந்தும். 8 × 10 கேட்டால் ஓரம் வெட்டுப்படும். அங்குலத்துக்கு 300 பிக்சல் வைத்தால் 2400 × 3600 தேவை. 24 மெகாபிக்சல் படம் 12 × 18 வரை தாங்கும்.

தாள் ஒளிராமல் ஒளியைத் திருப்பி மட்டும் அனுப்புவதால் அச்சு எப்போதும் திரையைவிட இருட்டாகத் தெரியும். எக்ஸ்போஷரை (படத்தின் வெளிச்சத்தை) 0.3 முதல் 0.5 ஸ்டாப் வரை ஏற்றி, நிழல்களைக் கொஞ்சம் திறந்து தனிக் கோப்பாக வைத்துக்கொள்ளுங்கள். முதலில் 4 × 6இல் ஒரு சோதனை அச்சு எடுங்கள். லேபில் கொடுக்கும்போது 'கரெக்‌ஷன் போடாதீங்க' என்று வாயாலும் சொல்லி, உறையின் மேலும் எழுதிவிட வேண்டும். அவர்கள் வழக்கமாகப் போடுவது கல்யாணப் படத்துக்கான திருத்தம், அது மூடுபனியைக் கண்டால் கான்ட்ராஸ்டை ஏற்றிவிடும். பளபளப்புத் தாளைவிட மேட் தாள் மலைப்படத்துக்கு நல்லது, விளக்கு வெளிச்சம் இருண்ட பகுதிகளில் பிரதிபலிக்காது. வந்த அச்சை மஞ்சள் பல்பின் கீழ் பார்த்து முடிவெடுக்காமல் பகல் வெளிச்சத்தில், ஜன்னலோரம் பாருங்கள். பின்புறம் இடம், மாதம், எடுத்தவர் பெயர் எழுதுவதற்கு மெல்லிய முனையுள்ள பெர்மனன்ட் மார்க்கர்தான் சரி; போட்டோத் தாளில் பால்பாயின்ட் அழுத்தினால் முன்பக்கம் தடம் விழும். எழுதியபின் சில நிமிடம் காயவிட்டு அடுக்குங்கள், ஈரமான மை அடுத்த படத்தின் முகப்பில் ஒட்டினால் எடுக்க முடியாது.